அரிக்காத அட்டைக்கடி

காய்ச்சல்காரி ஒருத்தி உள்ளே வந்தால் எல்லாரும் முதலில் நெற்றியைத்தான் தொடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் தொட்டேன். நெற்றியில் சூடு மட்டும்தான் இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று நெற்றி சொல்லாது.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவள். நர்ஸ் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கட்டுப் போடுவேன். மாத்திரைக் குளிசை எண்ணிக் கொடுப்பேன். முடியாதவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அவர்கள் தமிழில் சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்வேன். போன வருஷம் வேலையை விட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பிழைத்தவர்களைப் பற்றி எழுதினால் எனக்குப் பெருமை, உங்களுக்கு ஒன்றுமில்லை. அதனால் செத்துப்போன ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. பாதி தேயிலை, பாதி ரப்பர். மழை ஓயாத பக்கம். மழை இருந்தால் அட்டை இருக்கும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பிள்ளைகள் முதல் நாள் அட்டையைக் கண்டு அலறுவார்கள். பத்து நாள் போனால் பேசிக்கொண்டே பிடுங்கி எறிவார்கள். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவது. போனாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பொட்டு வைப்போம். அதோடு முடிந்தது.

இதைக் கவனமாகப் படியுங்கள். "மேல்ல எங்கயாச்சும் புண்ணு இருக்கா?" என்று எங்கள் ஆட்களிடம் கேட்டால் இல்லை என்பார்கள். இரண்டு காலிலும் இருபது கடி இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அட்டைக்கடியை இங்கே யாரும் புண் என்று சொல்வதில்லை. கேட்கிற நீங்களும் இந்த மலையில் பிறந்தவர்களாக இருந்தால் அதைப் புண் என்று நினைக்க மாட்டீர்கள். நான் நினைக்கவில்லை.

நாகேஸ்வரி ஒரு திங்கட்கிழமை காலை வந்தாள். முப்பத்தாறு வயது. கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இராஜு ரப்பரில் பால் வெட்டுகிறவன். எங்கள் டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான ஐயா அன்றைக்கு லீவு. பெஞ்சில் எட்டொன்பது பேர். பார்க்க நான் ஒருத்தி.

"மூணு நாளா காச்சல்க்கா. தலை பொளக்குது. மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"இருமலா?"

"லேசா."

"வயித்தால போகுதா?"

"இல்லக்கா." பிறகு குரலைக் குறைத்தாள். "கீழ ஒரு அட்டைக்கடி இருக்கு. தொடை இடுக்குல. கறுப்பா ஆயிருச்சு. ஆனா அரிக்கல."

குரலைக் குறைத்தும் பெஞ்சில் இருந்த பாக்கியத்துக்குக் கேட்டுவிட்டது. பாக்கியம் அறுபதை நெருங்குகிற கொழுந்துக்காரி. கை ஓய்ந்தாலும் அவளுக்கு வாய் ஓயாது.

"அட்டைக்குக் கூட எடம் பாத்துக் கடிக்கத் தெரியுது பாரு! ஏண்டி, அதுக்கு உன் புருஷன் பேரா?"

பெஞ்சே சிரித்தது. நாகேஸ்வரியும் காய்ச்சலோடு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அட்டை கடிக்காத ஆளு இந்த மலையில யாரு இருக்கா? அரிக்காட்டி நல்லதுதானே புள்ள. சொறியாம விடு."

அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குளிசை எண்ணினேன்.

வெளியே கங்காணி வந்து நின்றான். "என்னாக்கா, இன்னைக்கு மலைக்கு ஆளு அனுப்புவீங்களா, இல்ல எல்லாரையும் நீங்களே வெச்சுக்கிறீங்களா?" என்றான். அவன் மேல் பழி போடவில்லை. அவன் தினமும் அப்படித்தான் கேட்பான். அன்றைக்கு மட்டும் நான் அதற்கு அவசரப்பட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய். அவசரம் இல்லாத நாளிலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

அறையில் திரை இருந்தது. திரைக்குப் பின்னால் கட்டில் இருந்தது. நானும் பொம்பளை. அரை நிமிஷ வேலை.

வியாழக்கிழமை திரும்ப வந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. கண் சிவந்திருந்தது. இருமல் கூடியிருந்தது. ஐயா பார்த்துவிட்டு டெங்குவுக்கு ரத்தம் பார்க்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் இரண்டுதான் நினைப்பு. ஒன்று டெங்கு. இன்னொன்று எலிக்காய்ச்சல். அது வயலில் நிற்கிறவனுக்கும் மாணிக்கக் குழியில் இறங்குகிறவனுக்கும் வருவது என்று வைத்திருந்தோம். இரண்டுக்கும் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. படம் ஒட்டாத காய்ச்சலை நாங்கள் தேடியதில்லை.

இராஜு அவளைத் தெரணியகலை டவுனுக்குக் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் எனக்குப் போன் எடுத்தான். குரலிலேயே சிரிப்பு.

"அக்கா, டெங்கு இல்லையாம்!"

"அப்ப பயமில்ல," என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்படி என்னிடம் யாரும் கேட்கவில்லை. சீட்டில் இருந்தது டெங்கு இல்லை என்பது மட்டும். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை. நான்தான் அப்படிப் படித்தேன். என்னை நம்பி இராஜுவும் அப்படிப் படித்தான். அவள் இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் இருந்த லயத்து வீட்டுக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவில் ஒரு வளைவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இராஜு வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, அவ எங்கூடப் பேச மாட்டேங்குறா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறா. நேத்து நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன், சோறு திங்கலன்னு. அந்தக் கோவம்னு நெனச்சேன். இன்னைக்குப் பின்னாடி நின்னு தகரத்தைத் தட்டுறேன். அதுக்கும் திரும்பலக்கா."

போனேன். நாகேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வேகமாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பார்க்கவில்லை. முன்னால் போய் நின்றதும் சிரிக்கப் பார்த்தாள்.

"காதுக்குள்ள தண்ணி ஓடுற மாதிரி இருக்குக்கா," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக.

காய்ச்சலில் காது அடைப்பதை நான் அதுவரை கண்டதில்லை. கண்டதில்லை என்பதால் அதையும் பெரிதாக எடுக்கவில்லை. சளி என்று நினைத்தேன். மூச்சைப் பார்த்துத்தான் பயந்தேன். த்ரீவீல் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் இராஜு அவள் காதருகில் கத்திக்கொண்டே வந்தான். "கோவிச்சுக்காத, கோவிச்சுக்காத." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வார்டில் ஒரு சின்ன வயது டொக்டர் அம்மா. சிங்களம். நல்ல பிள்ளை. எல்லாம் முறையாகக் கேட்டது. எத்தனை நாள் காய்ச்சல், இருமல், வாந்தி. நான் ஒவ்வொன்றையும் சொன்னேன். ரப்பரா தேயிலையா என்று கேட்டது. வயலுக்குப் போவாளா என்று கேட்டது. கடைசியில் கேட்டது:

"துவாலயக் தியனவாத?"

புண் ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம்.

"நெஹே, மிஸ்," என்றேன். இல்லை என்று.

நாகேஸ்வரி பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்குக் காது கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று இருந்திருப்பேன். அதுவும் சாக்குதான். எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் யார் பக்கமும் திரும்பியதில்லை. எனக்கே பதில் தெரியும் என்று நினைப்பு. சிங்களம் பேசத் தெரிந்ததை நோய் தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். நீங்களும் நாலு தடவை மொழிபெயர்க்கப் போனால் இந்த நினைப்பு உங்களுக்கும் வரும். டொக்டர் கேட்டால் நோயாளியைக் கேளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் கேளுங்கள். தெரிந்த பதிலாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

டொக்டர் அம்மா அந்தப் பதிலை எழுதிக்கொண்டது. மார்புச் சளி என்று ஊசி தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனேன். அன்று காலை வார்டு ஆயா ஒருத்தி நாகேஸ்வரிக்கு உடம்பு துடைத்திருக்கிறாள். துடைக்கும்போது கண்டுபிடித்துப் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே போனதும் டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டது. திரையைப் போட்டது. துணியை விலக்கிக் காட்டியது.

தொடை இடுக்கில் ஒரு கறுப்பு. சிகரெட் நுனியை வைத்து அழுத்தினால் தோல் எப்படிக் கருகும், அப்படி. சுற்றிலும் ஒரு சிவப்பு வளையம். பக்கத்தில் நெறி கட்டியிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டது, சிங்களத்தில்.

"கூடெல்லா, மிஸ்," என்றேன். அட்டை.

"அட்டை கடிச்சா அரிக்கும். ரத்தம் வடியும். இந்த மாதிரிக் கருகாது." கொஞ்சம் நின்றது. "இல்லைன்னு சொன்னது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

அது சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. உண்ணிக்காய்ச்சல் என்று சொன்னது. புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாத அளவு. கடித்தால் வலிக்காது. அரிக்காது. கடித்த இடம் கருகும், சில பேருக்கு அதுவும் இல்லை. காய்ச்சல் வர ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். தலைவலி, இருமல். சில பேருக்குக் காதும் மங்கும். முதலிலேயே தெரிந்தால் சாதாரணக் குளிசைக்கு அடங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரலில் இறங்கும்.

அன்றைக்கே மருந்தை மாற்றினார்கள். புதன்கிழமை மூச்சு மிஷினில் வைத்தார்கள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது.

டொக்டர் முதல் நாளே முழுதாகப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். அந்த வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடந்தார்கள். டொக்டர் அம்மாவின் தப்பை அது பார்த்துக்கொள்ளட்டும். நான் என் தப்பை எழுதுகிறேன்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் மலைக்குப் போனேன். எங்கே கடித்திருக்கும் என்று பார்க்க நினைத்தேன். நாகேஸ்வரி கடைசியாகப் பறித்தது பதினாலாம் நம்பர் மலை. ஓரமெல்லாம் காடு பிடித்துக் கிடந்தது. புல் வெட்ட ஆள் போடுவதில்லை. பெண்களிடம் கேட்டேன், ஒதுங்க எங்கே போவீங்க என்று. பாக்கியம்தான் கையை நீட்டினாள்.

"அந்தா, அந்தப் புதரு. வேற எங்க போறது? கங்காணி பாக்குற எடத்துல குந்தச் சொல்றியா?"

புதருக்குள் ஆள் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது. உள்ளே குந்தியிருந்தால் தலை வெளியே தெரியாது. அதனால்தான் அந்த இடம். பொம்பளைகளுக்கு ஏன் இடுக்கில் கடிக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. டொக்டர் சொன்ன பூச்சி ஒரு காரணம். ஒரு கக்கூஸ் இல்லாதது இன்னொரு காரணம். ஆஸ்பத்திரிச் சீட்டில் முதல் காரணத்தை எழுத மட்டும்தான் இடம் இருக்கிறது.

தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னேன். மலையில் ஒரு கக்கூஸ் வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒவ்வொரு மலைக்கும் ஒண்ணு கட்ட முடியுமா? பூச்சி புதர்லதானே இருக்கு? புதரை வெட்டச் சொல்றேன்," என்றார். சொன்னபடி செய்தார். ஒரே வாரத்தில் வெட்டினார்கள். மலை சுத்தமாக இருந்தது. மறைப்பு போய்விட்டது. பெண்கள் இன்னும் மேலே, காட்டு ஓரத்துக்குப் போகத் தொடங்கினார்கள்.

நான்தான் போய்ச் சொன்னது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நாலு மாதம் கழித்துப் பாக்கியம் வந்தாள். காய்ச்சல், தலைவலி. வாய் மட்டும் நன்றாக இருந்தது.

"சாகப்போறேன். நல்ல குளுசையா பாத்துக் குடு."

அதற்குள் நான் கேட்கும் கேள்வியை மாற்றியிருந்தேன். புண் இருக்கிறதா என்று யாரையும் கேட்பதில்லை.

"அரிக்காத அட்டைக்கடி ஏதாச்சும் இருக்கா?"

"இது என்னா கேள்வி? அட்டைக்கடியில அரிக்கிறது, அரிக்காததுன்னு சாதி பிரிக்கிறியா?"

"இருக்கா, இல்லையா?"

"எனக்கு அங்க கண்ணு இல்ல. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னது சரி. கேள்வி மட்டும் போதாது என்று அன்றைக்கு அவள்தான் காட்டினாள். அவளுக்குத் தன் உடம்பின் அந்தப் பக்கம் தெரியாது. கண்ணாடி முகம் பார்க்கிற அளவுக்குத்தான் லயத்தில் இருக்கிறது. கதவைச் சாத்தினேன். திரையைப் போட்டேன். கட்டிலில் ஏறச் சொன்னேன். திட்டிக்கொண்டே ஏறினாள். "இந்த வயசுல எங்கிட்ட என்னாத்தப் பாக்கப் போற?" என்றாள். அக்குள், மார்புக்குக் கீழே, இடுப்பில் மழைக்குப் படங்குச் சாக்கு கட்டுகிற இடம், முதுகு, இடுக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடுப்புக்குப் பின்னால் இருந்தது. அதே கறுப்பு. அதே வளையம்.

பேனாவை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டேன். என் வாய் சொல்வதை நானே நம்பவில்லை. டொக்டர் கண்ணுக்குப் படட்டும் என்று உடம்பிலேயே போட்டேன். நீங்களும் போடுங்கள். யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். ஐயா கடிதம் எழுதினார். அன்றைக்கே அனுப்பினோம். நாலாம் நாள் பாக்கியம் நடந்தே திரும்பி வந்தாள். பேனா மை போகவில்லை என்று வாசலில் நின்று ஏசினாள். மை நாகேஸ்வரிக்குப் போட்டிருக்க வேண்டியது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தவர்கள்.

இனி எழுதுவது ஒன்றுதான். எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பாக்கியம் வந்து ஏசிய அன்று இராஜு பெஞ்சில் இருந்தான். பால் கத்தி விரலில் பட்டுக் கட்டுப் போட வந்தவன். அவள் போன பிறகு உள்ளே வந்தான். கையை நீட்டினான். கட்டும்போது கேட்டான்.

"இப்ப எல்லார்கிட்டயும் கேக்குறீங்களே அந்த அட்டைக்கடிக் கேள்வி, அன்னைக்கு அவகிட்ட நீங்க கேக்கலையாக்கா?"

இல்லை, அப்போது எனக்கு அந்த நோய் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். அவன் நம்பியிருப்பான். ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. அக்கா பாவம், படிக்காதவ, அக்காவுக்கு என்ன தெரியும் என்று.

"நான் கேக்கல," என்றேன். "அவளாச் சொன்னா. கறுப்பா இருக்கு, அரிக்கலன்னு சொன்னா. நான்தான் விடுன்னுட்டேன்."

இராஜு கையை இழுக்கவில்லை. நான் கட்டை முடித்தேன். கத்தரித்தேன். அவன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கிட்டயும் சொன்னாக்கா," என்றான். "உங்ககிட்ட வர்றதுக்கு முந்தின நாளு. சுண்ணாம்பு வெய்யின்னேன்."

எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் டிஸ்பென்சரிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றாலும் டவுனுக்கு பஸ் ஏறிவிடுவான். நான் வேலையை விடுகிற வரைக்கும் அப்படித்தான்.

அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டின் போட்டோப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. சிங்களம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். காய்ச்சல், இருமல், மூச்சு என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் காது கேட்காது என்று எழுதியிருக்கிறார்கள். அவளுக்கு என்று.